வாள்மீனுக்கு வாழைமரம், சோழனுக்குத் துருப்பிடித்த ஊசி: பிள்ளையைக் கதைப்போட்டிக்குத் தயார் செய்வது எப்படி

பள்ளிப் பையிலிருந்து கதைப்போட்டி அறிவிப்புத் தாள் வெளியே வந்ததும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது காக்கா வடை, அடுத்தது சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயல். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் சமயம் நான் பார்க்கப்போன ஒரு போட்டியில் ஒரே காலையில் நான்கு முயல்கள் நான்கு சிங்கங்களைத் தள்ளின, நான்காவது சிங்கம் விழும்போது நடுவர் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். முயல் கதை நல்ல கதைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் பெரிய ஆயுதம் இருக்கிறவனை வீட்டில் கிடக்கும் சாமானால் மடக்கும் கதைதான் வேண்டும் என்றால், நாம் குடியிருக்கும் இந்தச் சிங்கப்பூர்த் தீவைப் பற்றியே இரண்டு கதைகள் செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் இருக்கின்றன. ஒன்றில் சாமான் வாழைமரம், மற்றதில் துருப்பிடித்த ஊசி. என் மகள் தொடக்கநிலை 3 படித்தபோது முதல் கதையைச் சொன்னாள், அடுத்த வருடம் இரண்டாவது. எப்படித் தயார் செய்தாய் என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கதையை மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிரியிடம் இருக்கும் ஆயுதம் எது? அதை வைத்து அவன் எதை நன்றாகச் செய்வான்? அதைச் செய்து முடித்த மறுநொடி அவன் நிலைமை என்ன? முதல் இரண்டுக்கும் எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்லிவிடும். மூன்றாவதில்தான் கதை ஒளிந்திருக்கிறது, அதற்கு மட்டும் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஆயிற்று.

சரி, முதல் கதை. சிங்கப்பூரை ஆண்ட ஸ்ரீ மகாராஜாவின் காலத்தில் கரையோரம் கூர்மூக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து பாய்ந்து, மார்பிலும் கழுத்திலும் இடுப்பிலும் குத்தி ஆட்களைக் கொல்கின்றன. அரசர் யானைமேல் ஏறிப் படையோடு வருகிறார். வந்தவர் போட்ட உத்தரவைக் கேளுங்கள்: ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று கெண்டைக்கால்களையே வேலியாக்க வேண்டுமாம். நின்றார்கள், குத்து வாங்கிச் செத்தார்கள். அப்போது ஒரு சின்னப் பையன், மனிதர் காலை வேலியாக்குவதற்குப் பதிலாக வாழைமரத்தை வெட்டி நிறுத்தினால் என்ன என்று கேட்கிறான். நிறுத்துகிறார்கள். மீன்கள் பாய்ந்து மூக்கு மாட்டிக்கொண்டு தொங்குகின்றன, ஆட்கள் நிதானமாக வெட்டித் தள்ளுகிறார்கள். இந்தப் பையன் வளர்ந்தால் நமக்கு ஆபத்து என்று பெரியவர்கள் அரசர் காதில் ஓத, பையனைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பழி சிங்கப்பூர் மேல் விழுந்தது என்கிறது நூல்.

இங்கே இரண்டு விஷயத்தை நீங்கள் சரிபார்த்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நடுவர்களில் யாராவது விஷயம் தெரிந்தவர் இருப்பார். ஹாங் நாடிம் என்று பையனுக்குப் பெயர் சொல்வார்கள், ஆனால் செஜாரா மெலாயுவில் அவனுக்குப் பெயரே கிடையாது, அது பிறகு மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. அவன் ரத்தம் வழிந்து மண் சிவந்ததால்தான் புக்கிட் மேரா, அதாவது சிவப்புக் குன்று, என்று பெயர் வந்தது என்பதும் ஊர்க்கதை. சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம், "என்று சொல்வார்கள்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆங்கிலம் வழியாக வந்த கதைகளில் இது வாள்மீன். படம் போடுகிறவர்களும் ஆளுயர மீனை வரைந்துவிடுகிறார்கள். ஆனால் உண்மையான வாள்மீன் ஆழ்கடலில் திரிவது, கரையோரத்துக்குக் கூட்டமாக வந்து ஆளைக் குத்தும் ரகம் கிடையாது. மலாய் மூலத்தில் இருக்கும் சொல் தோடாக். நம் மீனவர்கள் முரல் என்பார்களே, ஒல்லியாக, ஊசி மாதிரி நீண்ட மூக்கோடு, அந்த இனம். முரல் நிஜமாகவே தண்ணீருக்கு மேலே பாயும், இரவில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் இன்னும் மோசம், படகில் இருந்தவர்கள் குத்துப்பட்டு இறந்ததும் உண்டு. ஆகவே கதை நாம் நினைக்கிற அளவுக்குக் கற்பனை இல்லை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தையில் கண்ணில் பட்டால் ஒன்று வாங்கிவந்து பிள்ளையின் கையில் கொடுங்கள். அலகு முழுக்கப் பொடிப்பொடியாகக் கூரான பற்கள் இருக்கும், விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் குழம்பு வையுங்கள், முள் பச்சை நிறத்தில் இருக்கும், பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை, அந்த மீனின் முள்ளே அப்படித்தான். என் மகள் மேடையில் "அந்த மீனுக்கு முள்கூடப் பச்சை" என்று சேர்த்துக்கொண்டாள். கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து வாழைமரம். தேக்காவில் சமையலுக்கு விற்கும் வாழைத்தண்டு இதற்கு உதவாது, அது மட்டையெல்லாம் உரித்து எடுத்த உள்தண்டு. உங்களுக்கு வேண்டியது மட்டையோடு இருக்கும் அடிமரம், முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு. கல்யாணத்துக்கும் கோவில் விசேஷத்துக்கும் வாசலில் கட்டும் வாழையை விழா முடிந்ததும் கழிக்கத்தான் போகிறார்கள், முன்கூட்டியே கேட்டுவைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். பூக்கடையில் சொல்லிவைத்தாலும் கிடைக்கும். பூங்காவிலோ காட்டோரத்திலோ நிற்கிறதே என்று கத்தியோடு போய்விடாதீர்கள், இந்த ஊரில் அது குற்றம், அபராதம் கட்டிவிட்டு வந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. பள்ளிச் சீருடையோடு இதைச் செய்யாதீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

இப்போது சோதனை. காய் நறுக்கும் மரப்பலகை, ஏதாவது சாமான் வந்த அட்டைப்பெட்டி, வாழைத்துண்டு, மூன்றையும் சுவரோரம் நிறுத்துங்கள். ஒரு கட்டு சத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி, வாங்கிக்கொள்ளுங்கள். குச்சியை வீசக் கூடாது, கையில் பிடித்துக் குத்தினால் போதும். குத்துவது பெரியவர், பிள்ளைகள் நாலடி தள்ளி. பலகையில் குத்தினால் குச்சி முனை மழுங்கும், இல்லை ஒடியும். பரவாயில்லையே, பலகையே போதுமே என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். அப்போது மூன்றாவது கேள்விக்குப் போங்கள்: மோதிய மீன் என்ன ஆகும்? கடலில் விழும், திரும்ப வரும். அட்டையில் குத்தினால் குச்சி அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும், பின்னால் நிற்கிறவன் காலி. வாழையில்தான் சுகமாக உள்ளே போகும், போய் அங்கேயே நிற்கும்.

ஏன் என்று கேட்டால் துண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். வாழையை மரம் என்று சொல்கிறோமே தவிர அதில் மரக்கட்டை என்பதே கிடையாது, மட்டைமேல் மட்டையாகச் சுருட்டிவைத்த செடி அது. ஒவ்வொரு மட்டைக்குள்ளும் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள், அவற்றில் காற்று, சுற்றிலும் தண்ணீர் நிறைந்த சதை, நீளவாக்கில் நார். குத்து உள்ளே போகப்போக ஒவ்வோர் அறையும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை வாங்கிக்கொள்கிறது, நார் பல்லைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் பாய்வதற்கென்றே அமைந்த உடம்பு அந்த மீனுக்கு, தண்ணீருக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும்போது எதை உந்திப் பின்னால் வரும்? அதன் வேகமே அதை ஆணி அடித்த மாதிரி மாட்டிவிடுகிறது.

இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து முதல்முறை செய்து காட்டியபோது, "பாருங்கள், இனி வரவே வராது" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஐந்து வயசுப் பொடியன் ஒருவன் வந்து குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு "வந்துடுச்சே ஆன்ட்டி" என்றான். வழவழப்பான சத்தே குச்சி வரத்தானே செய்யும். மீனுக்குப் பல் இருக்கிறது, குச்சிக்கு இல்லை. அதற்குப் பிறகு, குச்சி முனையில் கத்தியால் பின்னோக்கிச் சாய்ந்த மாதிரி ஐந்தாறு வெட்டுகள் போட்டுக்கொண்டேன், மறுமுனையில் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து மீனாகக் கட்டினேன். எடை தாழ இழுப்பதால் குச்சி சாய்ந்து மட்டையில் இறுகிக்கொள்கிறது, பொடியனால் எடுக்க முடியவில்லை. அவன் ஒரு குச்சியை ஒடித்தான், அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்? நூலில் இல்லை, இது என் ஊகம் மட்டுமே. வாயாங் கூலிட் என்ற மலாய் நிழற்பாவைக் கூத்தில் திரைக்குக் கீழே வாழைமரத்தைப் படுக்கப்போட்டு, பாவைகளின் குச்சிகளை அதில் குத்தி நிறுத்துவார்கள். அதை ஒரு பிள்ளை தினம் பார்த்திருந்தால், குத்தினது நிற்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தியை எதில் குத்தி வைக்கிறோம்? வாழைப்பழத்தில். மேடையில் கதை தொடங்குவதற்கே இது நல்ல இடம். ஒரு பழம், ஒரு ஊதுபத்தி, "எங்கள் பாட்டி தினமும் வாள்மீன் பிடிப்பார்" என்று ஒரு வரி. ஊதுபத்தியைக் கொளுத்தாதீர்கள், மண்டபத்தில் புகை எச்சரிக்கை மணி இருக்கும்.

ஒத்திகைக்கு வீட்டைவிட ரயில் நல்லது. தஞ்சோங் பகாரில் ஏறுங்கள். பகார் என்றால் மலாயில் வேலி, இந்தக் கதையையும் அந்தப் பெயரோடு முடிச்சுப்போடுவார்கள். அவுட்ராம் பார்க் வருவதற்குள் மீன்கள் பாய்ந்திருக்க வேண்டும், தியோங் பாரு வருவதற்குள் கால்வேலி போட்டு ஆட்கள் செத்திருக்க வேண்டும். தியோங் பாருவை விட்டதும் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும், பையன் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். ரெட்ஹில், அதாவது அதே சிவப்புக் குன்று, நிலையத்தில் கதவு திறக்கும்போது கதை முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் என் மகள் காமன்வெல்த் தாண்டியும் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். நேரத்தை எப்படிச் சுருக்குவது என்று நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, நாலு முறை போய்வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது.

முடிவு பற்றித்தான் வீட்டுக்கு வீடு சண்டை. பையன் சாவதை எடுத்துவிட்டு, அரசர் பரிசு கொடுத்தார் என்று முடிக்கச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீனின் ஆயுதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை அரசரின் ஆயுதத்தைப் பார்க்கவில்லை, அதற்கு எந்த வாழைமரமும் கிடையாது, கதையின் கனமே அதில்தான் இருக்கிறது. எட்டு வயசுக்கு இது தாங்குமா என்றால், தாங்கும். நாம் ரத்தத்தை விவரிக்காமல், "அன்று இரவு அரண்மனையிலிருந்து ஆள் வந்தது" என்ற அளவில் நிறுத்தினால் போதும். மகள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை, கண்ணீர் வடிக்கவில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டு வணக்கம் வைத்தாள். அழுகிற குரலில் சொல்லப் பழக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டாவது கதை நம்மவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர் சோழர். செஜாரா மெலாயு அவரை ராஜா சூலான் என்கிறது. சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பித் தெமாசெக் வரை, அதாவது இங்கே வரை, வந்துவிடுகிறார். சீன அரசர் படை அனுப்பவில்லை. ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை ஏற்றி, காய்த்துக் குலுங்கும் இலந்தை முதலான மரங்களை நட்டு, பல் போன கிழவர்களை உட்காரவைத்து அனுப்புகிறார். சீனா எவ்வளவு தூரம் என்று சோழர் ஆட்கள் கேட்க, கிழவர்கள் சொல்கிறார்கள்: புறப்படும்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை, இந்த மரமெல்லாம் விதையாக இருந்தது, இந்த ஊசிகள் கை பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன, தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டன. ராஜா சூலான் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்.

இதற்குச் சாமான் சுலபம். நிஜத் துரு ஊசியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கோணி ஊசி ஒன்றுக்குக் காவி நிறம் பூசி முனையை மழுக்கிவிடுங்கள். தொட்டியில் ஒரு காய்த்த செடி, எலுமிச்சையோ மிளகாயோ எதுவானாலும். சொல்லித்தர வேண்டிய நுணுக்கம் ஒன்றுதான்: கிழவர்கள் "ரொம்ப தூரம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது. பல்லைக் காட்ட வேண்டும், மரத்தைக் காட்ட வேண்டும், ஊசியைக் காட்ட வேண்டும், மூன்றும் ஒரே கணக்குக்கு வர வேண்டும், கூட்டல் போடுவது ராஜா. படை பெரிதாக இருக்க இருக்கச் சோறும் பெரிது, பயணம் நீள நீள அந்தப் படையே அவருக்குச் சுமை. மீன் கதையில் கேட்ட அதே மூன்றாவது கேள்விதான்.

என் மாமனார் தஞ்சாவூர்க்காரர். ஒத்திகையைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, சோழனை முட்டாளாக்கத்தான் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறியா?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின்மேல் கடற்படை அனுப்பியதைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. சோழர் தூதர்கள் 1015இலேயே சீன அரசவைக்குப் போய்வந்தவர்கள், தூரம் தெரியாமல் ஊசியைப் பார்த்துத் திரும்புகிற ஆட்கள் இல்லை. இதை நான் ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு, அதே நூலில் ராஜா சூலான் அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணந்து, அந்த வம்சத்தில்தான் சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமன் பிறக்கிறார் என்று காட்டினேன். கடலடிக் கல்யாணம் வரை படித்துவிட்டு மாமனார், பல் இல்லாத கிழவர் வேஷத்துக்குத் தன் பல்செட்டைக் கழற்றத் தயார் என்றார். போட்டியில் அதற்கு அனுமதி இல்லை, வீட்டு ஒத்திகைக்கு மட்டும் கழற்றினார்.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் மகள் இந்தக் கதையைப் பாதி மலாய், பாதி கைஜாடையில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, இரும்பு உலக்கையைத் தேய்த்து ஊசியாக்கலாம் என்று விடாமுயற்சிக்குத் தங்களிடம் ஒரு பழமொழி உண்டு என்றார். நாம் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அது மாதிரி. அதே இரும்பு, அதே ஊசி, ஒருவருக்குப் படிப்பினை, இன்னொருவருக்குப் பொய்மூட்டை. நடுவர் கேள்வி கேட்கும் சுற்று இருந்தால் இதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் வேண்டாம், சொந்தக் கதை வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், மூன்று கேள்விகளை மட்டும் கையில் கொடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் குஞ்சு வைத்த காகம் போகிற வருகிறவர்கள் தலையில் பின்னாலிருந்து வந்து கொத்துகிறது, அதைக் குடையை விரித்துத் தோளில் சாய்த்துக் கடந்தாள் என் மகளின் தோழி. காகத்துக்குத் தலை தெரியவில்லை, கொத்த ஒன்றும் இல்லை, கூடு இருக்கும் மரத்தைத் தாண்டியதும் அது திரும்பிப் போய்விட்டது. அந்தப் பிள்ளை இதையே மூன்று நிமிடக் கதையாகச் சொன்னது, என் மகளைவிட நன்றாகவே சொன்னது.

எல்லாம் முடிந்த பிறகு வாழைத்துண்டைத் தூக்கிப்போடாதீர்கள். குலை தள்ளிய மரமாக இருந்தால்தான் உள்ளே தண்டு இருக்கும், குலை தள்ளாத மரத்தில் நடுவரை மட்டையும் சுருண்ட குருத்தும்தான். மட்டையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் வெள்ளையாக வழவழவென்று ஓர் உருளை வரும். வட்டமாக நறுக்கும்போது நூல் நூலாக வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைத்து, பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைக்கலாம். நறுக்குவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து, ஒடிந்த சத்தே குச்சி முனை எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிடுங்கள். எங்கள் கூட்டில் ஒன்று மாமனாருக்குத்தான் அகப்பட்டது.